டால்டி வீட்டுச் சரக்கு

பிப்ரவரி 3, திங்கள்

அரிசி அனுப்புகிற கம்பெனி வருடா வருடம் ஒரு டைரி கொடுக்கிறது. இத்தனை வருடமாக அதில் சரக்கு வந்த விவரம் தவிர எதையும் எழுதியதில்லை. இன்று வேறொன்று எழுத வேண்டியிருக்கிறது. வாய்விட்டுச் சொல்ல ஆளில்லை. என் மளிகைக் கடைக்கு வருகிற நர்ஸ் பெண்கள் யாரிடமாவது சொன்னால் சாயங்காலத்துக்குள் கிளேர் மாவட்டம் முழுக்கத் தெரிந்துவிடும்.

நேற்று மகள் இசக்கி லிமெரிக்கிலிருந்து வந்தாள். இட்லி சாப்பிட்டாள். கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்து, மே பத்தாம் தேதி கல்யாணம், பதிவு அலுவலகத்தில் நோட்டீஸ் கொடுத்தாயிற்று, இந்த நாட்டில் மூன்று மாதம் முன்னாலேயே கொடுக்க வேண்டும் என்றாள். மருந்துக்கடையில் வேலை பார்க்கிற பெண். மாத்திரையைச் சாப்பாட்டுக்கு முன்னால் போடு, பின்னால் போடு என்று சொல்கிற அதே குரலில் சொன்னாள்.

பையன் பெயர் டோனல் டால்டி. என் நாக்குக்கு டால்டா என்றுதான் வருகிறது, மாற்றிக்கொள்ள எனக்கு அவசியமுமில்லை. பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறான். மற்ற நேரத்தில் ஃபிடில் வாசிக்கிறான். ஃபிடில் என்றால் நம் வயலின்தான். கச்சேரி மேடையிலிருந்து இறக்கிச் சாராயக் கடையில் உட்கார வைத்திருக்கிறார்கள்.

வீடு வாசல் எப்படி என்று கேட்டேன். அப்பாவுக்குக் கடலோரமாகக் கல் விளைகிற நிலம் கொஞ்சம், சில மாடுகள். சரி, அப்புறம்?

"அப்புறம் அவங்களுக்குன்னு ஒரு பாட்டு இருக்குப்பா. டால்டி ரீல். நாலு தலைமுறையா அவங்க வீட்டுப் பாட்டு. இந்தப் பக்கம் யாரைக் கேட்டாலும் தெரியும்."

ரீல் என்றால் இவர்கள் ஆடுகிற ஆட்டத்துக்கு வாசிக்கிற மெட்டு. சொத்து கேட்டால் மெட்டு சொல்கிறாள். தூத்துக்குடியில் யாராவது இப்படிச் சொல்லியிருந்தால் தரகனைத் துரத்தியிருப்பேன்.

நான் சொன்னேன். நம் வழக்கத்தில் மாப்பிள்ளை வீட்டை விசாரிக்காமல் பெண் கொடுப்பதில்லை. நிலத்தை விசாரிக்க ஒன்றுமில்லை. அந்தப் பாட்டையே விசாரிக்கிறேன். அவர்களுடையதுதான் என்று தெரிந்தால் கல்யாணத்துக்கு வருகிறேன். இல்லையென்றால் அது பொய்யர் வீடு. நான் வரமாட்டேன்.

"ஒரு பாட்டுக்கும் இன்னொரு பாட்டுக்கும் உங்களுக்கு வித்தியாசம் தெரியுமாப்பா?"

துவரம்பருப்பில் கேசரிப்பருப்பு கலந்தால் தொட்டே சொல்லுவேன், இது தெரியாதா என்றேன்.

அவள் எழுந்து கோட்டை மாட்டிக்கொண்டாள். "விசாரிங்க. நல்லா விசாரிங்க. ஆனா நீங்க வரலேன்னா, அதுக்குப் பெறவு பொங்கல் தீவாளின்னு இந்த வாசல்ல நான் வந்து நிக்க மாட்டேன்."

என் பெண்தான். பேரம் முடிந்ததும் கடையை விட்டு இறங்கத் தெரிந்திருக்கிறது.

பிப்ரவரி 4

என் வீட்டுக்காரி சொர்ணம் காலையிலிருந்து பேசவில்லை. ரசம் பேசியது.

பிப்ரவரி 5

சொர்ணம் பேசிவிட்டாள். பேசாமல் இருந்ததே தேவலை.

"எங்கப்பா ஒங்கள விசாரிக்க வந்தாவளே, அப்ப என்ன இருந்திச்சு ஒங்ககிட்ட? ஓட்டு வீடு, அதுவும் வாடக. உள்ள நிக்க எடமில்லாம நனைஞ்ச பிஸ்கட்டு டின்னு."

உண்மைதான், மறைக்க என்ன இருக்கிறது. துறைமுகத்தில் கப்பல் சரக்கில் நனைந்தது, நசுங்கியது, உடைந்தது எதுவானாலும் பெரிய முதலாளிகள் மூக்கைப் பிடித்துக்கொண்டு வேண்டாம் என்பார்கள். நான் எடுப்பேன். வெயிலில் காயவைத்து, சலித்து, தூளைத் தனியாகத் துண்டைத் தனியாகப் பிரித்து, 'சுயம்பு ஸ்பெஷல்' என்று பொட்டலம் போடுவேன். துறைமுகத்தில் ஒரு நியாயம் உண்டு. உடைசலுக்கு யார் கையெழுத்துப் போட்டு எடுத்தானோ சரக்கு அவனுக்குச் சொந்தம். விற்பனை சூடு பிடித்த பிறகு பழைய முதலாளி வந்து, அது என் பிஸ்கட்டு என்று சொல்ல முடியாது. ஒருத்தர் வந்து சொன்னார். வாசலைக் காட்டினேன்.

மாமனார் கறாரான ஆள். சம்பந்தம் முடிவாகிற வரை பெண் வீட்டுக்காரர் மாப்பிள்ளை வீட்டில் கை நனைக்கக் கூடாது என்பதில் பச்சைத் தண்ணீரைக்கூட வேண்டாம் என்றார். நின்றபடியே டின்னுக்குள் கைவிட்டு ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டார். போட்ட பிறகுதான் அவருக்கே தெரிந்தது. அப்புறம் எப்படி மறுக்க? "சரக்கு எப்படின்னு பாத்தேன், அவ்வளவுதான்" என்று சாகும் வரை சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்தக் கதையை இப்போது எதற்கு எடுக்கிறாள் என்று தெரியாத ஆள் இல்லை நான்.

பிப்ரவரி 9, ஞாயிறு

பாட்டைக் கேட்கப் போனேன். கடைத்தெரு முனையிலிருக்கிற பப். ஆரஞ்சு ஜூஸ் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தேன். இந்த ஊர்க்காரர்களின் பேச்சை நம் பேச்சிலேயே எழுதிக்கொள்கிறேன். அவர்கள் பேசுவதும் லண்டன் இங்கிலீஷ் இல்லை, இழுத்து இழுத்து நம் பக்கத்துப் பேச்சு மாதிரிதான் இருக்கிறது.

வாசிக்கிறவர்கள் மூலையில் வட்டமாக உட்கார்ந்து கூட்டத்துக்கு முதுகைக் காட்டுகிறார்கள். அறிவிப்பு கிடையாது. ஒருவன் திடீரென்று ஆரம்பிக்கிறான், மற்றவர்கள் ஓடுகிற பஸ்ஸில் தொற்றுவதுபோல ஒவ்வொருவராக ஏறிக்கொள்கிறார்கள். மெட்டுக்கு இரண்டு பாதி. முதல் பாதியை இரண்டு தடவை, இரண்டாம் பாதியை இரண்டு தடவை, மறுபடி முதலிலிருந்து. ஒரே பருப்பைத் திரும்பத் திரும்ப நிறுத்துக்கொண்டிருப்பதற்கு ஒரு மாலைப்பொழுது. எல்லாம் எனக்குத் தகரக் கூரையில் மழை பெய்கிற மாதிரிதான் இருந்தது.

டால்டா எழுந்து வந்தான். ஆறடி. முகமெல்லாம் ரவை தூவினது போலப் புள்ளி. "வணக்கம் மாமா" என்றான். இசக்கி சொல்லிக் கொடுத்திருக்கிறாள். மிஸ்டர் சுயம்புலிங்கம் என்று கூப்பிட்டால் போதும் என்றேன். மூன்று தடவை முயன்றான், முடியவில்லை.

அந்த ரீலை வாசிக்கச் சொல்லிப் போனில் பதிவு செய்துகொண்டேன். எங்கிருந்து வந்தது என்றேன். அப்பாவிடமிருந்து. அப்பாவுக்கு? அவர் அப்பாவிடமிருந்து. இந்த ஜனங்களிடம் ஒரு வழக்கத்தைக் கவனித்தேன். மெட்டின் பெயரைக் கேட்டால் தலையைச் சொறிகிறார்கள். யாரிடமிருந்து கிடைத்தது என்று கேட்டால் டக்கென்று சொல்கிறார்கள். அந்த மட்டில் வியாபாரத்துக்கு லாயக்கு.

பிப்ரவரி 16, ஞாயிறு

கல்யாணத்தைக் கலைக்க ஊருக்கு ஒருவன் இருப்பான். நம் ஊரில் டீக்கடையில் உட்கார்ந்திருப்பான். இங்கே அவன் பெயர் கஸ் ஹெஹிர். தபால்காரனாக இருந்து ஓய்வு பெற்றவன், அக்கார்டியன் வாசிப்பவன். மாங்காய் ஊறுகாய் வாங்குகிற சாக்கில் வந்து கல்லாவில் முழங்கையை ஊன்றினான்.

"நீரு டால்டி பாட்டப் பத்தி விசாரிக்கேருன்னு கேள்விப்பட்டேன் சுயம்பு. அது அவங்க பாட்டே இல்ல, தெரியும்லா? நியூயார்க்குல நூறு வருசத்துக்கு முந்தியே ரெக்கார்டு போட்டிருக்கான். 'சந்தைக்குப் போன கழுதை'ன்னு பேரு. நான் ஒருக்கா கேட்டிருக்கேன்."

வயிற்றெரிச்சல் எதற்கு என்று கிளறிப் பார்த்தேன். என்றோ ஒரு போட்டியில் டால்டாவின் அப்பன் கானுக்கு முதல் பரிசு, இவனுக்கு இரண்டாவது. அதைச் சொல்லும்போது முகத்தைப் பார்க்க வேண்டும், போன வாரம் நடந்த மாதிரி.

இப்படிப்பட்டவர்களை எனக்குப் பிடிக்காது. ஆனால் விசாரணைக்கு நல்லவன் எவனும் உதவமாட்டான்.

பிப்ரவரி 27, வியாழன்

ஹெஹிர் சொன்ன தட்டு வந்துவிட்டது. கார்க் நகரத்தில் பழைய கிராமபோன் தட்டு விற்கிற ஒருவனைப் பிடித்தேன். உலகத்திலேயே அபூர்வம் என்றான். அப்படியானால் உன்னிடம் எப்படி இரண்டு இருக்கிறது என்று கேட்டேன். விலையைக் குறைத்தான். விரிசல் இருக்கிறதா என்றதற்கு, நான் என்ன அப்படிப்பட்டவனா என்று கோபித்துக்கொண்டான். நான் அப்படிப்பட்டவன் என்பதால்தான் கேட்டேன்.

நல்ல சரக்கு. ஒரு கீறல் இல்லை. ஹெஹிர் வீட்டிலிருக்கிற பழைய கிராமபோன் பெட்டியில் போட்டுப் போனில் பதிந்துகொண்டேன். தட்டை அங்கே விடவில்லை, கையோடு எடுத்து வந்துவிட்டேன்.

வயலின்காரன் பரவாயில்லை. கூட வாசிக்கிற பியானோக்காரன் பக்கத்து மண்டபத்துக் கல்யாணத்துக்கு வாசிக்கிறான் போலிருக்கிறது.

மார்ச் 5, புதன்

போனைக் கல்லாவில் வைத்துவிட்டு நாள் முழுக்க ஓடவிடுகிறேன். ஒரு தடவை டால்டா, ஒரு தடவை தட்டு. இரண்டும் ஒன்றா வேறா, இன்னும் பிடிபடவில்லை. கோட்டயத்து நர்ஸ் பெண் வந்து, "சேட்டா, ஃப்ரிட்ஜ் கேடாயோ?" என்று கேட்டாள். ஃப்ரிட்ஜ் ரிப்பேராகிவிட்டதா என்கிறாள். நல்ல ரசனை.

மார்ச் 7

நான் உளுந்து நிறுக்கும்போது விரலால் தாளம் போடுகிறேன் என்கிறாள் சொர்ணம். அது தராசு முள் ஒட்டிக்கொண்டால் தட்டுவது.

மார்ச் 9, ஞாயிறு

பிடித்துவிட்டேன். ஒரே சரக்கு, வேறு சாக்கு. முதல் பாதி அச்சு அசல். இரண்டாம் பாதியும் அதே தெருவில்தான் போகிறது. கழுதைக்கு டால்டி என்று பெயர் வைத்து நாலு தலைமுறையாக ஓட்டியிருக்கிறார்கள்.

ஆனால் டால்டா வாசிப்பதில் எடை குறைகிறது. இரண்டாம் பாதியில் ஓரிடத்தில், தட்டில் இருக்கிற ஒரு சிறு திருப்பம் இவனிடம் இல்லை. தாண்டி அடுத்ததற்குப் போய்விடுகிறான். படி இருக்கும் என்று நினைத்துக் காலை வைத்தால் படி இல்லாத மாதிரி. ஒரு நாள் தப்பு நடக்கலாம். பதிவில் ஒவ்வொரு சுற்றிலும் அதே இடத்தில் அதே தப்பு. வாங்கினதும் சொந்தமில்லை, வாங்கினதையும் முழுசாக வைத்துக்கொள்ளத் தெரியவில்லை.

சொர்ணத்திடம் வாயால் முணுமுணுத்துக் காட்டினேன், வித்தியாசம் புரியட்டும் என்று. "எனக்குக் கல்யாணமான இத்தன வருசத்துல நீங்க ஒரு பாட்டு பாடிக் கேட்டதில்ல" என்றாள். இது பாட்டில்லை, சாட்சி என்றேன்.

மார்ச் 13, வியாழன்

டப்ளின் போனேன். கடையைச் சொர்ணம் பார்த்துக்கொண்டாள். அங்கே இந்த ஊர்ப் பாட்டுகளையெல்லாம் சேர்த்து வைத்திருக்கிற காப்பகம் ஒன்று இருக்கிறது. கொள்ளை கொள்ளையாகத் தட்டு, நாடா, காகிதம். ஒன்றும் விற்பனைக்கில்லை. இவ்வளவு சரக்கை அடைத்து வைத்துக்கொண்டு விற்காமலிருக்கிற இடத்தை நான் பார்த்ததில்லை.

ஊனா என்று ஒரு பெண்மணி உதவினாள். 'சந்தைக்குப் போன கழுதை' என்றதும் முகம் மலர்ந்தது. யாரும் கேட்பதில்லை போலும். அந்தத் தட்டுக்கும் முந்திய கை யாருடையது என்று கேட்டேன். ஒரு பள்ளிக்கூட வாத்தியார் எழுதி வைத்த காகிதத்தை எடுத்துவந்தாள். கண் தெரியாத குழல்காரர் ஒருவர் வாசிக்க வாசிக்கக் குறித்துக்கொண்டதாம். அங்கே அதற்கு வேறு பெயர். காகிதத்தில் வால் முளைத்த எள் சிந்தினாற்போல் இருந்தது, எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. சின்ன ஊதுகுழலை எடுத்து வாசித்துக் காட்டினாள். அதேதான். முழு எடை.

அதோடு என் வேலை முடிந்தது. எழுந்திருக்க வேண்டியவன், சும்மா இருக்காமல் டால்டாவின் பதிவைப் போட்டுக் காட்டினேன். இதில் எங்கே குறைகிறது என்று அந்த இடத்தை மேஜையில் தட்டியும் காட்டினேன். அவள் இரண்டு மூன்று தடவை கேட்டாள். பிறகு வந்த பதிவுகள், மற்றவர்கள் எழுதிய காகிதங்கள் என்று தன்னிடமிருந்ததையெல்லாம் புரட்டினாள். எல்லாவற்றிலும் அந்தத் திருப்பம் இருக்கிறது. இந்தத் தாண்டல் எங்குமே இல்லை என்றாள். எழுதினவர்களும் விடவில்லை, வாசித்தவர்களும் விடவில்லை. இது எங்கிருந்து வந்தது என்று என்னைக் கேட்கிறாள்.

நீங்கள் எந்த வாத்தியம் வாசிப்பீர்கள் என்றும் கேட்டாள். பருப்பு விற்கிறேன் என்றேன்.

மார்ச் 14

சாட்சி கையில் இருக்கிறது. இசக்கிக்குப் போன் செய்திருக்கலாம். ஒரு தடவை மாப்பிள்ளை வீட்டையும் பார்த்துவிட்டுச் சொல்வோம். அரைகுறை விசாரணை செய்து பேர் கெட்டதில்லை எனக்கு.

ஏப்ரல் 6, ஞாயிறு

டால்டி வீட்டுக்குப் போய் வந்தோம், நானும் சொர்ணமும். இசக்கியிடம் சொல்லவில்லை. ஒரு வளைவுக்கு ஒரு வீடு என்று இருக்கிற கடலோரம். மஞ்சள் பையில் என் தட்டைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டேன். அவன் அப்பன் முன்னால் போட்டுக் காட்டி, என்னய்யா இது என்று கேட்பதாக முடிவு.

கான் டால்டிக்கு என் வயசுதான் இருக்கும். கை ஒவ்வொன்றும் முறம். வீட்டம்மாள் நூலா. உட்காருவதற்கு முன்னாலேயே டீ என்றாள். வேண்டாம் என்றேன். இந்த ஊரில் வேண்டாம் என்றால் வேண்டும் என்று அர்த்தம். முதல் இரண்டு தடவை மறுப்பது மரியாதையாம். ஆகவே நான் மறுக்க மறுக்க அடுப்பில் கெட்டில் பெரிதாகிக்கொண்டே போனது. பழக் கேக் வந்தது. ரொட்டிக்குள் முட்டை வைத்து வந்தது. சொர்ணம் கையை முந்தானைக்குள் சுருட்டி வைத்துக்கொண்டு, பலகாரத்தைப் பார்க்காதது மாதிரி பார்த்துக்கொண்டிருந்தாள். கை நனைக்கக் கூடாதென்று வண்டியிலேயே சொல்லி அழைத்து வந்திருந்தேன். நூலாவின் முகம் வாடிவிட்டது. தன் வீட்டுச் சாப்பாட்டில் ஏதோ குறை என்று நினைத்திருப்பாள். எனக்கென்ன.

பாட்டு எங்கிருந்து வந்தது என்று நேராகக் கேட்டேன். மழுப்புவான் என்று எதிர்பார்த்தேன்.

"அதுவா? எங்க தாத்தாவுக்கு அவங்க அண்ணன் அமெரிக்காலேர்ந்து அனுப்புனது. பழைய துணிமூட்டைக்குள்ள வச்சு. இருங்க, இங்கதான் கெடக்கும்" என்று எழுந்துபோய் அலமாரியிலிருந்து ஒரு தட்டை எடுத்து வந்தான். சாதாரணமாக, உப்பு ஜாடியை எடுத்து வருகிற மாதிரி.

அதே தட்டு. நடுவிலிருக்கிற காகிதம் ஈரத்தில் உரிந்து போய் ஓரெழுத்து இல்லை. பெயர் தெரியாததால், டால்டி வீட்டில் கேட்ட பாட்டு, டால்டி பாட்டு என்று பக்கத்து ஜனங்கள் சொல்லிச் சொல்லி அதுவே பெயராகிவிட்டது. அந்த நாளில் இந்தப் பக்கத்தில் கிராமபோன் இருந்த வீடு இது ஒன்றுதானாம். நாங்கள் உண்டாக்கின பாட்டு என்று கான் சொல்லவுமில்லை. அவன் அப்பனும் சொன்னதில்லையாம். என் பெண்தான் அப்படி எடுத்துக்கொண்டிருக்கிறாள், அல்லது நான்.

கான் பெட்டியை முடுக்கித் தட்டைப் போட்டான். விளிம்பிலிருந்து உள்ளே ஓடுகிற ஒரு விரிசல், வெல்லப்பாகு மாதிரி எதையோ தடவி ஒட்ட வைத்திருக்கிறார்கள். கப்பலில் வரும்போதே உடைந்தது என்றாள் நூலா. முதல் பாதி சுற்றுக்கு ஒரு டிக் சத்தத்தோடு ஓடியது. இரண்டாம் பாதி. அந்த இடம் வந்ததும் ஊசி ஒரு துள்ளு துள்ளி அடுத்த வரிக்குப் போய்விட்டது.

எனக்கு முதுகில் சில்லென்றது. ஜன்னல் சரியாக மூடுவதில்லை அந்த வீட்டில்.

கானின் கால் தரையில் தட்டிக்கொண்டிருந்தது. ஊசி துள்ளின இடத்தில் அவன் காலும் துள்ளியது. அடுப்பருகே நின்ற நூலாவின் செருப்பும் துள்ளியது. இருவருக்கும் அது தெரியவே இல்லை. பாட்டே அப்படித்தான் என்று நினைத்திருக்கிறார்கள். தாத்தன் அந்த உடைசலைக் கேட்டுத்தான் கற்றுக்கொண்டான், மகனுக்குக் கொடுத்தான், அவன் தன் மகனுக்கு. முழுத் தட்டை இவர்கள் யாரும் கேட்டதில்லை.

"எங்க பக்கத்து ஆட்டக்காரங்க இந்த எடத்துல ஒரு எட்டு தாண்டிருவாங்க" என்றான் கான். "வெளியூர்லேருந்து பொண்ணெடுத்தா, மொதக் கல்யாணத்துல அவ தடுக்கி விழுவா. எங்கம்மா விழுந்தாங்க. இவளும் விழுந்தா."

"ஒரு தடவதான்" என்றாள் நூலா.

என் மடியில் பை. பைக்குள் துண்டு. துண்டுக்குள் முழுத் தட்டு. அந்தப் பெட்டியிலேயே வைத்து முடுக்கினால் போதும், ஒரு பாட்டு ஓடுகிற நேரத்தில் எல்லாம் முடிந்துவிடும். இத்தனை வருடமாக நீங்கள் வாசித்தது, ஆடினது, பரிசு வாங்கினது எல்லாம் ஒரு விரிசல் என்று அவனே தன் காதால் கேட்டுக்கொள்வான். நான் ஒரு வார்த்தை சொல்ல வேண்டியதில்லை.

என்ன ஜனங்கள். உடைந்ததைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்தது ஒரு மடத்தனம். உடைந்த இடத்துக்குத் தக்கபடி தங்கள் காலையே மாற்றிக்கொண்டது அதைவிடப் பெரிய மடத்தனம்.

நூலா மறுபடி டீ என்றாள். குடித்தேன். தொண்டை வறண்டிருந்தது, கடல் காற்று. சொர்ணம் என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு முந்தானையிலிருந்து கையை எடுத்துக் கேக்கை எடுத்தாள். ஒன்றோடு நிறுத்தவில்லை.

பையை மறக்காமல் எடுத்து வந்தேன். பைக்குள் இருந்ததை அங்கே வெளியே எடுக்கத்தான் மறந்துவிட்டது.

ஏப்ரல் 7

"சரக்கு எப்படின்னு பாத்தியளோ?" என்று சொர்ணம் காலையிலிருந்து கேட்டுச் சிரிக்கிறாள். செத்துப்போன தகப்பனை வைத்துக் கேலி செய்கிற பெண்ணை என்ன சொல்வது.

ஏப்ரல் 10, வியாழன்

ஹெஹிர் வந்தான். ஊறுகாய் தீரவில்லை, நாக்கு தினவு தீரவில்லை.

"காட்டினீரா? கான் மூஞ்சி எப்படிப் போச்சு, சொல்லும்."

சந்தர்ப்பம் வாய்க்கவில்லை என்றேன். அப்படியானால் தட்டை என்னிடம் கொடு, சனிக்கிழமை பப்பில் எல்லார் முன்னாலும் நான் போடுகிறேன் என்றான். எண்ணெய் டின் விழுந்து தட்டு உடைந்துவிட்டது என்றேன். போனில் பதிந்தது? போன் பழசு, மாற்றியாயிற்று. அவன் என் கையிலிருந்த போனைப் பார்த்தான். நானும் பார்த்தேன்.

"ஒம்ம நம்பினேன் பாரும்" என்றான்.

மாங்காய் தீர்ந்துவிட்டது, எலுமிச்சைதான் இருக்கிறது என்று சொல்லி அனுப்பினேன். மாங்காய் அவன் கண் முன்னாலேயே அடுக்கில் நிறைய இருந்தது. தட்டு உளுந்து மூட்டைக்குப் பின்னால் பத்திரமாக இருக்கிறது.

ஏப்ரல் 14, திங்கள்

சித்திரை வருடப் பிறப்பு. இசக்கி வந்திருந்தாள். பாயசக் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

"விசாரிச்சாச்சாப்பா?"

"ஆச்சு. பாட்டு அவங்களது இல்ல. நியூயார்க்குல வேற பேருல தட்டு வந்திருக்கு. அதுக்கு முந்தி எவரோ கண்ணு தெரியாதவரு வாசிச்சத ஒரு வாத்தியார் எழுதி வச்சிருக்காரு. டப்ளினுக்கே போயிப் பாத்துட்டு வந்துட்டேன்."

கிண்ணத்தை மெதுவாகக் கீழே வைத்தாள். சின்ன வயதில் அழாமலிருக்க மேல் உதட்டைக் கடிப்பாள். அதைச் செய்தாள். கோட்டு எங்கே என்று கண் தேடியது.

விசாரித்ததை முழுசாகச் சொல்லாமல் விடுகிற ஆள் இல்லை நான்.

"ஒடசல் அவங்களது" என்றேன்.

"என்ன ஒடசல்?"

"அது ஒனக்கு எதுக்கு. அந்த வீட்லயும் போயிக் கேக்காத."

அவளுக்கு விளங்கவில்லை. அடுக்களையில் கரண்டி நின்றது. சொர்ணம் எட்டிப் பார்த்தாள். துறைமுகத்து நியாயம் அவளுக்குத் தெரியும், அதை வைத்துத்தானே அவளைக் கட்டினேன்.

"வாரேன்னு சொல்லுதாவ, ஏட்டி" என்றாள் மகளிடம். "அத நேராச் சொன்னா நாக்கு வெந்துரும். நீ பாயசத்தக் குடி."

ஏப்ரல் 24

மாப்பிள்ளைக்கு எட்டு முழ வேட்டியின் அகலம் போதாது. அவன் உயரத்துக்குக் கணுக்கால் தெரியும். தூத்துக்குடிக்குச் சொல்ல வேண்டும்.

மே 11, ஞாயிறு

கடையை இன்று தாமதமாகத் திறந்தேன். கால் வலிக்கிறது. நாளெல்லாம் நின்று வியாபாரம் செய்கிறவனுக்கு வருகிற வலிதான்.

நேற்று பதிவு அலுவலகத்தில் கையெழுத்து, பிறகு டால்டி வீட்டுப் பக்கத்து ஊர்க் கூடத்தில் சாப்பாடு. வேட்டியை பெல்ட் போட்டுக் கட்டியும் மாப்பிள்ளைக்கு நிற்கவில்லை. ஒரு கையால் வேட்டியைப் பிடித்துக்கொண்டு ஒரு கையால் என் காலைத் தொட்டான். "மாமா" என்றான். சரி சரி என்றேன். இவர்கள் உருளைக்கிழங்கைப் பத்து விதமாகச் சமைத்துக் கல்யாணச் சாப்பாடு என்கிறார்கள். சொர்ணமும் நூலாவும் பேச ஒரு பொதுமொழி இல்லாமல் சாயங்காலம் வரை பேசிக்கொண்டிருந்தார்கள்.

ஹெஹிருக்கும் அழைப்பு அனுப்பியிருந்தேன். வாடிக்கையாளர். அக்கார்டியனை எடுத்து வராமல் வந்தான், மூலையில் முறைத்துக்கொண்டு உட்கார்ந்தான்.

சாப்பாட்டுக்கு அப்புறம் கான் ஃபிடிலை எடுத்தான். மாப்பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்தான். டால்டி ரீல் என்றார்கள். நாற்காலியெல்லாம் சுவரோரம் போயிற்று. அந்தப் பக்கத்து ஜனங்கள் ஒரு வரிசை, இசக்கியோடு வேலை பார்க்கிற லிமெரிக் கூட்டம் ஒரு வரிசை. யாரோ ஹெஹிரையும் பிடித்து லிமெரிக் வரிசைக்குள் இழுத்துவிட்டார்கள். சொர்ணம் பட்டுச்சேலையோடு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்று நின்றாள். சபையில் இழுபறி வேண்டாமே என்று எழுந்து டால்டி பக்கத்து வரிசையில் நின்றேன்.

இரண்டாம் பாதியில் அந்த இடம் வந்தது. லிமெரிக் கூட்டம் மொத்தமாக ஒருவர் முதுகில் ஒருவர் மோதியது. என் பெண் தடுக்கிக் கானின் தங்கை மேல் விழுந்து சிரித்தாள். ஹெஹிர் முட்டியைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டான். எங்கள் வரிசையில் சொர்ணம்கூட விழவில்லை. நான் கையைப் பிடித்துத் தாண்ட வைத்தேன்.

இல்லாத படியில் காலை வைக்கிறார்கள். வெளியூர்க்காரர்கள், வேறென்ன சொல்ல.